கேட்பவரின் தமிழ்

1

இந்தக் குறிப்பில் நான் வாழும் நாட்டின் பெயரை எழுதவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். திருகோணமலைக்கு அருகே உள்ள சல்லி என்ற ஊர் மட்டும் சல்லிதான். அதையும் மாற்றினால் இதை எழுதுவதில் பொருளே இல்லை.

நான் இங்கே ஒரு நகரசபையில், புதிதாக வந்து சேர்வோருக்கு வீடு, பள்ளிக்கூடம், வைத்தியர் என்று வழிகாட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். ஊரில் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவள். அந்தப் படிப்பு இந்த நாட்டில் எதற்கும் உதவும் என்று எதிர்பார்த்ததில்லை. சென்ற இலையுதிர்காலத்தில் ஹெலன் என்ற வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்தார். நான் திருகோணமலையைச் சேர்ந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓர் ஒலிப்பதிவைக் கேட்டுக் கருத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

விடயம் இதுதான். யோகன் என்பவர் இங்கே அடைக்கலம் கோரியிருக்கிறார். சல்லியில் பிறந்தவர் என்கிறார். அவருடைய கடவுச்சீட்டை, அவரைக் கூட்டிவந்த முகவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியொன்று இருக்கிறது. பிரதியைக் குடிவரவு அலுவலகம் நம்புவதில்லை. இப்படிப்பட்டவர்களின் பேச்சைப் பதிந்து, அது எந்த ஊர்ப் பேச்சு என்று தீர்மானிக்கும்படி ஓர் ஆய்வாளருக்கு அனுப்புவது இங்குள்ள நடைமுறை. ஆய்வாளருக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டுமே. அந்த இலக்கம் எழுதிய முடிவை ஹெலன் எனக்கு வாசித்துக் காட்டினார்: விண்ணப்பதாரரின் பேச்சு தமிழ்நாட்டுக்கு உரியது, இலங்கையின் கிழக்குக் கரைக்கு உரியதன்று. அதை வைத்துக் கோரிக்கை மறுக்கப்பட்டு, ஹெலன் மேன்முறையீடு செய்திருந்தார்.

"அந்த முடிவு நின்றால்?" என்றேன்.

"இந்தியர் என்று முடிவாகும். இந்தியாவுக்கு அனுப்புவார்கள். இந்தியாவில் அவருக்குக் குடியுரிமை இல்லை. எங்கேயும் இல்லாத ஆளாகிவிடுவார்."

பதிவைக் குசினியில் வைத்து, இரவுச் சாப்பாட்டுக்குக் காய்கறி வெட்டிக்கொண்டே கேட்டேன். "ஆமாங்க மேடம். நாங்க அப்போ ரொம்பச் சின்னப் பசங்க. அப்பா போட் ஓட்டிட்டிருந்தார்." நிதானமான, பணிவான குரல். மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த என் மகள் காதிலிருந்த கருவியைக் கழற்றினாள்.

"யாரும்மா இது? சென்னை அங்கிளா?"

அவளுக்குப் பதினைந்து வயது. அவளுடைய தமிழும் சென்னைத் தமிழ்தான். நானும் அவளுடைய தந்தையும் சொல்லிக்கொடுத்தது ஒன்று. அவள் கைத்தொலைபேசியில் பார்க்கும் காணொளிகள் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று. இரண்டாவதுதான் வென்றது. "செம போர்மா" என்பாள். அவளுடைய பேச்சைப் பதிந்து அந்த இலக்கத்துக்கு அனுப்பினால் அவளையும் சென்னைக்கு விமானமேற்றச் சொல்வார்கள்.

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதுதான் என் காதுக்கும் பட்டது. ஆய்வாளர் பிழைவிட்டிருக்கிறார் என்று சொல்வதற்காக அழைக்கப்பட்டவள், அவர் கேட்டதையே நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

2

அடைக்கலம் கோருவோரைத் தங்கவைத்திருப்பது நகரத்துக்கு வெளியே, மூடப்பட்ட ஒரு பழைய உல்லாச விடுதியில். யோகனுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. தோள் அகன்ற, தலை நரைக்கத் தொடங்கிய மனிதர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வணக்கம் மேடம். உட்காருங்க."

"நான் மேடம் இல்லை. திருகோணமலைதான்."

"ரவுணா?" நகரத்துக்குள்ளேயா என்று கேட்கிறார்.

"உவர்மலை."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "அப்ப இருங்கோ அக்கா. உவர்மலையில இருந்து என்ர வழக்குக்கு ஆள் வந்திருக்கு எண்டு சொன்னா அம்மா நம்பமாட்டா."

ஒரே மூச்சில் கடல் கடந்து வந்துவிட்டார். எனக்கு நெஞ்சு இலேசானது. இதுதான் இந்த மனிதரின் உண்மையான பேச்சு, பதிவில் இருந்தது வேறேதோ என்று அந்தக் கணத்திலேயே முடிவு செய்தேன். அந்த முடிவைப் பிறகு விசாரணையில் என் முன்னால் எடுத்துவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

"அந்தப் பதிவில ஏன் அப்பிடிக் கதைச்சனீங்கள், யோகன்?"

"எப்பிடி?"

"இந்தியாக்காரர் மாதிரி."

"கேட்டவ இந்தியாக்காரிதானே. போனில மொழிபெயர்த்த மனிசி. நல்லவ. என்ன சொன்னாலும் 'சரிங்க, அப்புறம்?' எண்டு பொறுமையாக் கேட்டுக்கொண்டிருந்தவ. அவவோட நான் சல்லிக் கதை கதைச்சா விளங்குமோ? விளங்காட்டி மாறிச் சொல்லிப்போடுவா. அதோட, முன்னுக்கு இருக்கிற ஆளுக்கு வளைஞ்சு குடுக்காமல் கதைக்கிறது ஒரு திமிர் மாதிரியெல்லோ இருக்கும்."

"கதையை ஆராய்வம் எண்டு முதலே சொல்லேல்லையா?"

"சொன்னவை. நான் என்ன சொல்லுறன் எண்டதை ஆராய்வினம் எண்டு நினைச்சன். எப்பிடிச் சொல்லுறன் எண்டதை ஆராய்வினம் எண்டு ஆர் கண்டது?"

யுத்தம் சல்லிக்கு வந்தபோது அவர் சின்னப் பிள்ளை. தகப்பன் குடும்பத்தை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போனார். அங்கே முகாமில் வளர்ந்து, முகாமுக்கு வெளியே இருந்த பள்ளிக்கூடத்தில் படித்து, கட்டட வேலைக்குப் போய், யுத்தம் முடிந்தபின் குடும்பத்தோடு சல்லிக்குத் திரும்பி, தகப்பனின் தொழிலான கடலுக்கே போனார். பிறகு மீனவர்கள் கரையில் கொட்டில் போட்டிருக்கும் மீன்வாடிக் காணி சம்பந்தமான ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினார். அதற்குப் பின் சீருடை இல்லாத ஆட்கள் வீட்டுக்கு வந்து விசாரிக்கத் தொடங்கினார்கள். ஒருமுறை கூட்டிக்கொண்டும் போனார்கள். அந்தக் கதையை அவர் எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகச் சொன்னார். வந்தவர்களில் ஒருவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தானாம். அந்த மரியாதைதான் தன்னை மிகவும் பயப்படுத்தியது என்றார்.

எழும்பும்போது கேட்டேன், "முகாமில உங்களை எப்பிடிக் கூப்பிட்டவை?"

"சிலோன். பள்ளிக்கூடத்தில வாத்தியாரும் சிலோன் எண்டுதான். வாயத் துறந்தா வகுப்பே சிரிக்கும். அதுக்குத்தானே அவங்கட மாதிரிக் கதைக்கப் பழகினது. பிறகு சல்லிக்கு வந்தா, எங்கட பெடியள் இந்தியன் எண்டாங்கள். வலை இழுக்கேக்க 'இந்தியன், இழுடா' எண்டு கத்துவாங்கள். திரும்பவும் மாத்திப் பழகினன். இஞ்ச வந்தா கவுண்மேந்தே இந்தியன் எண்டு எழுதித் தந்திருக்கு." சிரித்தார். "அந்தப் பெடியளுக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. விழுந்து சிரிப்பாங்கள்."

3

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஹெலனுக்கு விளக்க நான் மிகவும் பாடுபட்டேன்.

என் தகப்பனார் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர். மூதூருக்குப் பயணிகள் படகான லாஞ்சி ஓடிய காலத்தில், அது வந்து சேரும் இறங்குதுறைக்கு என்னையும் சில நாட்களில் கூட்டிப்போவார். அங்கே அவர் கதைப்பதைக் கேட்டு நான் வெட்கப்பட்டிருக்கிறேன். மூதூரிலிருந்து நெல்லு மூட்டையோடு இறங்கும் முஸ்லிம் வியாபாரியோடு அந்த வியாபாரியின் இழுவையிலேயே கதைப்பார். சிங்களக் காவலாளியோடு அவர் பேசிய தமிழ், அந்தக் காவலாளி பேசும் தமிழைப் போலவே உடைந்திருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த மேலதிகாரி எதிரில் வந்தால் முதுகு நிமிரும், சொற்களும் நிமிரும். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பா, "இண்டைக்கு எத்தினை பேராக் கதைச்சுப்போட்டு வாறியள்?"

அவர் நடிக்கவில்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. தன் ஊரின் பேச்சை இன்னொருவரின் காதில் ஏற்றுவதை விட, அவருடைய பேச்சுக்குத் தான் இறங்கிப்போவது எங்களிடத்தில் உபசாரம். வீட்டுக்கு வந்தவருக்குக் கதிரை கொடுப்பதைப் போன்றது. கதிரை என்ற சொல்லும் அப்படிப் போர்த்துக்கீசருக்கு இடம் கொடுத்ததில் வந்ததுதான். பாலையூற்றில் பறங்கியர் வீடுகளுக்குள் இன்னும் அந்தப் பழைய போர்த்துக்கீசத்தின் மிச்சம் கேட்கும். வீதிக்கு இறங்கினால் அவர்கள் எங்களைவிடத் தெளிவாகத் தமிழ் கதைப்பார்கள். துறைமுக ஊர் ஒன்றில் மொழி இப்படித்தான் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எவரும் மாற்ற நினைப்பதில்லை. எதிரில் இருப்பவருக்காக ஒவ்வொருவரும் கொஞ்சம் வளைந்துகொடுக்கிறார்கள். வளைந்தது சிலவேளை திரும்பி நிமிர்வதில்லை.

ஆனால் அதே ஊரில், சோதனைச் சாவடிகளில் பஸ்களை மறித்து, ஒரு மனிதர் யார் என்பதை அவருடைய பேச்சை வைத்து அளந்த ஆண்டுகளும் இருந்தன. வாய் திறந்ததும் ஒருவரைப் போகவிட்டார்கள், இன்னொருவரை இறக்கினார்கள். எல்லாத் தரப்பும் அதைச் செய்தது. ஹெலன் அனுப்பிய ஆய்வறிக்கையை வாசித்தபோது எனக்கு அந்தப் பஸ் வரிசைதான் ஞாபகம் வந்தது. இங்கே துவக்கு ஏந்திய ஆட்கள் இல்லை. அறை சூடாக்கப்பட்டிருக்கிறது. குடிக்கத் தண்ணீரும் வைக்கிறார்கள். செய்கிற வேலை மட்டும் அதேதான்.

4

மார்கழி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். யோகனின் தங்கை தவமணியைச் சந்தித்து, சல்லியில் இன்று மக்கள் எப்படிக் கதைக்கிறார்கள் என்பதை அவர்களின் சம்மதத்தோடு பதிந்துகொண்டு போவது என் எண்ணம். ஹெலனும் அதை விரும்பினார்.

இன்று என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் ஊரை விட்டுப் போனபோது எடுத்துச்சென்ற தமிழ் என்னோடு அப்படியே நின்றுவிட்டது. ஊரின் தமிழ் நடந்துபோய்விட்டது. அன்று காலை மீன் சந்தைக்கு அருகே ஒரு கடையில் பிள்ளைகளின் உடுப்புக்கு நான் சொன்ன பழைய சொல்லைக் கேட்டு, கவுண்டரில் நின்ற பெண் பிள்ளை பக்கத்தில் நின்றவளைப் பார்த்துச் சிரித்தாள். "அன்ரி வெளிநாடா? எங்கட அம்மம்மாக்கள்தான் இப்பிடிச் சொல்லுறவை" என்றாள். பிழையாக நினைக்கவேண்டாம் என்று விலையில் கழிவும் தந்தாள். அந்த இலக்கம் போட்ட ஆய்வாளரும் என்னைப் போல எப்போதோ புறப்பட்டுவந்த ஒருவராகத்தான் இருக்கவேண்டும். அவர் காதுக்குள் நிற்பது அவர் விட்டுவந்த நாளின் ஊர். அதை வைத்து இன்றைய மனிதரை அளந்திருக்கிறார். என் காதும் அதைவிடப் புதியதல்ல.

சல்லியில் தவத்தின் வீட்டு முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய கணவர் அதே கரையில் இறக்கக்கண்டி என்ற ஊர் ஆள். ஒருநாளும் இந்தியாவைக் காணாதவர். மதிலோடு சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து நின்றார். யோகனின் தாய் உள்ளே படுத்திருந்தா. மகனைப் பற்றி வெளியாட்களோடு கதைத்தால் அவனுக்குத்தான் ஆபத்து என்று வெளியே வர மறுத்துவிட்டா.

"பதியப்போறன் தவம். சும்மா வீட்டில கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ."

தவம் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். தொண்டையைச் செருமினாள். கைத்தொலைபேசிக்கு நேரே குனிந்தாள். "வணக்கம். எனது பெயர் தவமணி. நான் திருகோணமலை மாவட்டத்தின் சல்லி என்னும் கிராமத்தில் வசித்து வருகின்றேன். யோகன் எனது மூத்த சகோதரர் ஆவார்."

"அடுத்தது வானிலை அறிக்கை" என்றார் கணவர்.

"நீங்கள் வாயை மூடுங்கோ. வெளிநாட்டுக் கோட்டுக்குப் போற கதை."

"அதுக்கு? அங்க உன்னை வானொலியில வேலைக்கு எடுக்கவே போறாங்கள்?"

"அப்ப நீங்கள் கதையுங்கோவன் பாப்பம்."

அவர் முன்னுக்கு வந்தார். கையைக் கட்டினார். "அன்பார்ந்த நீதிபதி அவர்களே" என்று தொடங்கினார்.

நான் பதிவை நிறுத்தினேன். நிறுத்தியதும் இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டிக்கொண்டு கதைத்தார்கள். அந்தக் கதைதான் எனக்கு வேண்டியிருந்தது. முகாமில் பிறந்த தவத்தின் சொற்களுக்குள் தமிழ்நாடு வந்துவந்து போனது. இறக்கக்கண்டிக்காரரின் பேச்சில் அது மருந்துக்கும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பைச் சுற்றி, இரண்டு தமிழ். ஒளித்துப் பதிந்திருக்கலாம். அவர்கள் நம்பி இருத்திய இடத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா, நான் ஏதும் பிழையாக் கதைச்சு அண்ணாவை மாட்டிப்போட்டனோ?" என்று தவம் கேட்டாள்.

"அப்பிடி ஒண்டும் இல்லை."

"இந்தியாவுக்கு அனுப்பினா அங்க ஆர் இருக்கினம் அவருக்கு? நாங்கள் இருந்த கொட்டில்ல இப்ப வேற ஆக்கள். இஞ்ச வரவும் ஏலாது. போன மாதமும் வந்து கேட்டுப்போட்டுப் போனவங்கள்." கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "அவர் என்ன தமிழ் கதைச்சா விடுவினமாம்? சொல்லுங்கோ, போனில நான் பழக்கிவிடுறன்."

பழக்கிவிடுவது என்ற சொல் மேன்முறையீட்டை விசாரிக்கப்போகும் மன்றத்தின் காதில் எப்படி விழும் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

5

என் அறிக்கையில் என்ன எழுதுவது என்று ஹெலனோடு பெரிய இழுபறி.

அவருக்கு அடையாளங்கள் வேண்டும். சல்லிக்காரரின் பேச்சில் இன்னின்ன இருக்கும், யோகனிடம் அவை இருக்கின்றன என்று நான் எழுதவேண்டும். நீதிபதி பிடித்துக்கொள்ள ஏதாவது கைப்பிடி தேவை என்றார். நான் மறுத்தேன். இன்று யோகனுக்காக நான் எழுதிக்கொடுக்கும் அடையாளங்கள் அந்த அலுவலகத்தின் அலுமாரியில் கிடக்கும். நாளை இன்னொருவர் வருவார், தவத்தின் கணவரைப் போன்ற ஒருவர். யோகனிடம் இருந்தது அவரிடம் இராது. என் கையால் எழுதியதை வைத்தே அவரைத் திருப்பி அனுப்புவார்கள்.

"நாளை வரப்போகும் ஒருவரை நினைக்கிறீர்கள். இன்று இருப்பவர் என் கட்சிக்காரர்" என்றார் ஹெலன்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யோகனிடமே கேட்டேன்.

"நாளைக்கு வாறவன் நல்லா இருக்கட்டும் அக்கா. இப்ப தண்ணிக்க நிக்கிறது நான்."

கடைசியில் ஹெலன் கேட்டதற்கும் நான் விரும்பியதற்கும் இடையில் ஒன்றை எழுதினேன். எங்கள் கரையில் ஒருவர் எதிரிலிருப்பவரின் பேச்சுக்கு வளைந்துகொடுப்பது வழக்கம் என்றும், முதல் நேர்காணலில் யோகன் இந்திய மொழிபெயர்ப்பாளருக்காக அப்படிப் பேசினார் என்றும், அதே ஊர்ப்பக்கத்தவளான என்னோடு பேசியபோது தயக்கமின்றிச் சல்லிக்காரராகப் பேசினார் என்றும் எழுதினேன். எழுதியது முழுவதும் உண்மை என்று நம்பியே கையெழுத்திட்டேன்.

6

மேன்முறையீட்டு விசாரணை மாசி மாதத்தில், பனி கொட்டிய ஒரு காலையில் நடந்தது. நீதிபதி, அலுவலகத்தின் பிரதிநிதியான ஓர் இளம் பெண், ஹெலன், யோகன், நான். ஆய்வாளர் வரவில்லை, தொலைபேசி இணைப்பில் கேட்டுக்கொண்டிருப்பார் என்றார்கள். மேசையில் இருந்த அந்தச் சிறிய கருவியை யோகன் திரும்பத்திரும்பப் பார்த்தார்.

அன்றைய மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்தவர். ஓய்வுபெற்ற ஆசிரியரின் தோரணை. ஒவ்வொரு சொல்லையும் முழுசாக, அடித்து நிறுத்திச் சொன்னார். "தம்பி, நீங்கள் பதட்டப்படாமல் ஆறுதலாகச் சொல்லுங்கோ. அவர்கள் கேட்பதற்கு மட்டும் மறுமொழி சொன்னால் காணும்."

"ஓம் ஐயா" என்றார் யோகன்.

முதல் சில மறுமொழிகள் நான் கேட்டுப் பழகிய பேச்சில்தான் வந்தன. பிறகு மெல்ல மெல்ல அவர் நகரத் தொடங்கினார். ஐயாவின் இழுவை அவருக்குள் இறங்கியது. சொற்களை அவரைப் போலவே நிறுத்தினார். அரை மணித்தியாலம் போவதற்குள் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவர் போல் கதைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரியவில்லை. அவர் அந்த முதியவருக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார். நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நிறுத்துங்கோ யோகன், நிறுத்துங்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்குப் பின் பிரதிநிதி ஒரு குறிப்பை வாசித்தார். ஆய்வாளரிடமிருந்து வந்தது. விண்ணப்பதாரர் இன்று இலங்கையின் வடபகுதிப் பேச்சைப் பாவனை செய்கிறார்; அதுவும் கிழக்குக் கரைக்கு உரியதன்று; அவர் பயிற்றப்பட்டிருக்கக்கூடும்.

ஹெலன் என்னைச் சாட்சியாக அழைத்தார். இதைத்தான் நான் எழுதியிருக்கிறேன், உங்கள் கண் முன்னாலேயே இப்போது நடந்தது என்று சொன்னேன். அன்று தொலைபேசியில் மொழிபெயர்த்த அந்த அம்மாவை நோக்கிப் போனார், இன்று இந்த ஐயாவை நோக்கிப் போனார். ஏமாற்ற நினைப்பவர் இவ்வளவு வெளிப்படையாக மாறமாட்டார். நீதிபதி தலையசைத்து எழுதிக்கொண்டார். யோகனின் தோள்கள் கொஞ்சம் இறங்கின.

பிரதிநிதி எழுந்தார். அவருடைய குரலில் கடுமை எதுவும் இல்லை.

"உங்களோடு பேசியபோது அவர் சல்லிக்காரரைப் போலப் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆம்."

"நீங்கள் திருகோணமலையைச் சேர்ந்தவர் என்பதை அதற்கு முன்பே அவரிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"சொல்வதற்கு முன் எப்படிப் பேசினார்?"

"இந்தியத் தமிழில்."

"அப்படியானால் நீங்கள் கேட்டது அவருடைய ஊர்ப் பேச்சா, உங்களை நோக்கி வந்த பேச்சா?"

மொழிபெயர்ப்பாளர் யோகனின் காதருகே குனிந்து அந்தக் கேள்வியைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். அது முடியும்வரை எனக்கு நேரம் இருந்தது. அந்த மண்டபத்தில் சல்லியை அறிந்தவள் நான் ஒருத்தி. அவருடைய பேச்சுத்தான் என்று நான் அழுத்திச் சொன்னால் மறுப்பதற்கு ஆளில்லை. நீதிபதியும் அதையே எதிர்பார்ப்பவர் போலப் பேனாவைத் தயாராக வைத்திருந்தார். கேள்வி முழுவதும் விளங்கியதும் யோகன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கவலை இல்லை. இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கும் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

"பிரித்துச் சொல்ல என்னால் முடியாது" என்றேன். "உங்கள் ஆய்வாளராலும் முடியாது."

இரண்டாவது வாக்கியத்தை மன்றம் எப்படி எடுத்துக்கொண்டது என்று தெரியவில்லை. முதலாவதை எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

7

வெளியே நடைபாதையில் யோகன் நின்றார். ஹெலன் தொலைபேசியோடு அப்பால் போயிருந்தார்.

"'அது அவர்ட கதைதான்' எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா."

"தெரியாததைத் தெரியும் எண்டு சொல்ல எனக்கு ஏலாது, யோகன்."

"உங்களோட நான் கதைச்சது என்ர கதைதான்." ஹெலன் போன பக்கம் திரும்பினார். "எண்டுதான் நானும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

தீர்ப்புச் சில வாரங்களில் வந்தது. பேச்சை வைத்து எழுதப்பட்ட இரண்டு அறிக்கைகளையும் மன்றம் ஒதுக்கிவைத்தது. ஆய்வாளருடையதும் போயிற்று, என்னுடையதும் போயிற்று. கோரிக்கையைப் புதிதாகப் பரிசீலிக்கும்படியும், யோகனைப் புதிதாக நேர்காணும்படியும் அலுவலகத்துக்குச் சொன்னது. இதை வெற்றி என்றே ஹெலன் சொல்கிறார். இந்தியாவுக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டிருக்கிறது. இனி அவரைக் காப்பாற்றவேண்டியது அவர் சொல்லும் கதையின் விபரங்கள்தான்: யார் வந்தார்கள், எப்படி வந்தார்கள், என்ன கேட்டார்கள், எங்கே கொண்டுபோனார்கள். விபரம் கூடினால் நம்பிக்கை கூடும்.

செய்தியை நேரில் சொல்வதற்காகக் கடந்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனேன். யோகன் சாப்பாட்டு மண்டபத்தில், புதியவர்களுக்குக் கொடுக்கும் மொழிப்பாடப் புத்தகத்தோடு இருந்தார். நான் தமிழில் தீர்ப்பைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு இந்த நாட்டு மொழியில் மறுமொழி சொன்னார்.

"நன்றி. நான் புரிந்துகொண்டேன்."

"தமிழில சொல்லுங்கோ யோகன்."

"இல்லை. நேர்காணல் இந்த மொழியில். நான் படிக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்."

அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொன்னேன். இந்த மொழியில் நீங்கள் வாழ்த்துச் சொல்லவும் ரொட்டி வாங்கவும்தான் கற்றிருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்ததை இதற்குள் அடக்க முடியாது. உங்கள் விருப்பப்படி ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், இந்தமுறை எவரும் உங்கள் பேச்சை அளக்கமாட்டார்கள் என்றும் சொன்னேன். மேசையின் மறுபக்கத்தில் இருந்து, அந்த வாக்கை நம்பாத ஒருவரின் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். தவம் தொலைபேசியில் அழைத்தாலும் இப்போது அண்ணா ஓம், இல்லை என்று மட்டுமே சொல்கிறார் என்று அவள் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். ஏதோ கோபம் என்று நினைத்திருக்கிறாள்.

நான் சொல்லி முடித்ததும் புத்தகத்தை மூடினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். நேர்காணலுக்காகத் தயார்செய்ததை எனக்குச் சொல்லிக்காட்டினார்.

"எனது பெயர் யோகன். நான் மீன் பிடிக்கிறேன். ஆண்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் நல்லவர்கள் அல்ல. நான் பயந்தேன். நான் இங்கே வந்தேன்."

எல்லாச் சொற்களும் புத்தகத்தில் இருக்கும் உச்சரிப்பில் வந்தன. ஊர் எதுவும் அதில் இல்லை, வாசலில் செருப்பைக் கழற்றியவனும் இல்லை.

"பிழை இருக்கிறதா?" என்று கேட்டார்.

நான் கவனமாகத்தான் கேட்டிருந்தேன். ஒரு பிழையும் இல்லை.